ஏழு பேர் விழுந்த வெள்ளிக்கிழமை

கன்னத்தில் சீமெந்துத் தரையின் குளிர்ச்சி முதலில் தெரியும். அதற்குப் பிறகுதான் மற்றவை ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்: சோக்கட்டித் தூளின் மணம், தூரத்தில் யாரோ தண்ணீர் கேட்கும் சத்தம், யாருடையதென்று உடனே விளங்காத ஒரு கை, அது தன்னுடைய கைதான் என்ற சிறிய ஆச்சரியம். மயங்கி விழுந்தவர்களுக்கு உலகம் கீழிருந்து மேலாகத்தான் திரும்பக் கிடைக்கிறது. ஏழாம் வகுப்பில் நான் விழுந்து கண் திறந்தபோது எனக்கு முதலில் கிடைத்தது நாங்கள் இருந்து எழுதுகிற வாங்கு ஒன்றின் அடிப்பக்கம்: காய்ந்த சுவிங்கம் மூன்று, கவராயத்தால் கீறிய பெயர் ஒன்றின் பாதி, ஓர் ஆணியின் வளைந்த நுனி. மேலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது அப்போதுதான் வார்னிஷ் பூசிய நல்ல வாங்கு.

நான் விழுகிற ஆள். சிலருக்கு இறால் ஒத்துக்கொள்ளாததுபோல எனக்கு ஊசி ஒத்துக்கொள்வதில்லை. வலி இதற்குக் காரணமல்ல. ஊசி ஏறும்போது எனக்குப் பெரிதாக நோவதில்லை. ஏறி முடிந்து, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இவ்வளவுதானா என்று நினைக்கிற இடத்தில்தான் அது தொடங்கும். பேசுகிறவர்களின் குரல் பக்கத்து வீட்டு வானொலிபோலத் தள்ளிப் போகும். மேலுதட்டில் வியர்வை வரும். பார்வையின் ஓரங்கள் மங்கி உள்ளே நகரும். கடைசியாக ஒரு கொட்டாவி. அது வந்தால் அதன் பிறகு எதுவும் என் கையில் இல்லை. எங்கள் ஊரில் இதைப் படிப்படியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். "தலைச்சுத்து" என்றால் சற்று இருந்துவிட்டு எழும்பலாம். "மயக்கம்" என்றால் படுக்க வேண்டும். "பொத்தெண்டு விழுறது" என்றால் அயல் முழுவதும் வந்து பார்க்கும். நான் மூன்றாவது படி.

முதல் முறை விழுந்தது காது குத்தியபோது. தட்டார் ஒரு காதை முடித்துவிட்டு மற்றப் பக்கம் திரும்புவதற்குள் நான் அம்மாவின் மடியிலிருந்து வழுக்கி இறங்கிவிட்டேன்; ஆகவே என் இடது காது நான் அங்கே இல்லாத நேரத்தில் குத்தப்பட்டது. இரண்டாவது முறை, மலேரியாக்காரர் வீடு வீடாக வந்து விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் இரத்தத்தைத் தேய்த்துக்கொண்டு போனபோது. பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து என் கைக்குள் வீட்டின் இரும்புத் திறப்புக் கோர்வையைத் திணித்தார். அது வலிப்புக்குச் செய்கிற கைவைத்தியம் என்று அவருக்கு நினைவுபடுத்த யாருக்கும் நேரமிருக்கவில்லை. இன்னொருவர் வெங்காயத்தை நசுக்கி மூக்கில் பிடித்தார். அம்மா மாதா கோவில் தீர்த்தம் தெளித்தார். நான் கண் திறந்ததும், திறப்பு, வெங்காயம், தீர்த்தம் மூன்றின் தரப்பிலும் உரிமை கோரப்பட்டது. வழக்கு இன்றுவரை தீரவில்லை.

இது எனக்கு அப்பாவின் வழியாக வந்தது. அப்பா மன்னார்த் தீவில், எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் நண்டு வலை போடுகிறவர். பாதத்தில் ஏறிய திருக்கை முள்ளைத் தானே இழுத்துப் போட்டுவிட்டுப் படகைக் கரைக்குக் கொண்டுவந்தவர் என்று கரையில் அவருக்குப் பெயர் இருந்தது. அதே அப்பா கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்குவதற்காக மன்னார் ரவுணுக்குப் போய், விறைப்பு ஊசியைக் கண்ட மாத்திரத்தில் கதிரையோடு சாய்ந்து, பிடுங்காத பல்லோடு வீடு திரும்பியது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விடயம். "கரையில ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்று எங்கள் இருவரிடமும் தனித்தனியே கேட்டுக்கொண்டார். நாங்கள் சொல்லவில்லை. அந்தப் பல் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் அவரை வருத்தியது.

நான் சொல்ல வந்த வெள்ளிக்கிழமை, உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் வந்தது. சண்டை ஓய்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பாடசாலைக்குப் புதுக் கூரை போட்டிருந்தார்கள். வகுப்பில் பதினாறு பெடியன்களும் ஏழு பெண்பிள்ளைகளும் இருந்தோம். தவக்காலத்தில் எங்கள் வீடுகளில் பெரியவர்கள் "ஒருசந்தி" பிடிப்பார்கள். நாளில் ஒரே ஒரு நேரம் வயிறாரச் சாப்பிட்டு, மற்ற நேரங்களைத் தண்ணீரோடும் தேத்தண்ணியோடும் ஒப்பேற்றுவதற்கு அந்தப் பெயர். சிறுபிள்ளைகளுக்கு அது கடமையல்ல. எங்களுக்கும் அதில் அப்படியொரு ஆசை இருந்ததில்லை, வகுப்பிலிருந்த அன்ரன் வாயைத் திறக்கும்வரை.

தவக்காலத்தின் முதல் வெள்ளியன்று இடைவேளை மணி அடித்ததும் நாங்கள் ஏழு பேரும் வழக்கம்போலச் சிற்றுண்டிச்சாலை வாசலில் வரிசையில் நின்றோம். அன்ரன் தன் கூட்டத்தோடு வந்து எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "பெட்டையளின்ர தவக்காலம் இடைவேளை மணி அடிக்கும்வரைதான்" என்றான். அவன் கையிலும் பாதி கடித்த பணிஸ் ஒன்று இருந்தது. ஆனால் அந்த வசனம் நன்றாக அமைந்துவிட்டது. பெடியன்கள் அதை மெட்டுக் கட்டி ஒரு கிழமை பாடினார்கள்.

றொசாந்திதான் பதில் யோசித்தவள். என் பக்கத்து வாங்கில் இருந்தவள். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். பெரியவர்கள் ஒரு நேரமாவது சாப்பிடுகிறார்கள், நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணிவரை தண்ணீரைத் தவிர எதுவுமே தொடுவதில்லை என்று அவள் தீர்மானித்தாள். அவளுடைய செபமாலையை ஏழு பேரும் ஒரே நேரத்தில் பிடித்துச் சத்தியம் செய்தோம். யாரிடமும் சொல்லக்கூடாது என்பது சத்தியத்தின் இரண்டாவது பகுதி. தவம் செய்கிறவர்கள் அதைச் சொல்லித் திரிந்தால் பலன் போய்விடும் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருந்தோம். பெரிய வெள்ளி முடிந்த பிறகு, ஒரு நாளும் தவறவில்லை என்று அன்ரனின் முகத்துக்கு நேரே சொல்வதுதான் திட்டம். சொல்லித் திரியாமலிருப்பதும் கடைசியில் சொல்வதும் ஒன்றோடொன்று மோதுவது அப்போது எங்களுக்குப் படவில்லை.

சாப்பிடாமலிருப்பதைவிடச் சாப்பிட்டதுபோல நடப்பதுதான் கடினம். காலையில் தந்த பாண் துண்டுகளை நான் எங்கள் ஆட்டுக்குக் கொடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியை அப்படியே புத்தகப் பைக்குள் சுமந்துகொண்டுபோய், அப்படியே சுமந்துகொண்டு வந்து, மூன்று மணிக்குக் கடற்கரையில் படகு நிழலுக்குள் இருந்து ஏழு பேரும் திறப்போம். ஆறிப்போன புட்டும் மீன்குழம்பும் அவ்வளவு ருசியாக இருக்கும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. இப்படி இரண்டு வெள்ளிக்கிழமைகள் வெற்றியாகக் கழிந்தன.

எங்கள் ஒருசந்தியின் மூன்றாவது வெள்ளியன்று ஊசி.

துருப்பிடித்த ஆணி குத்தினால் வருகிற ஏற்புவலிக்குத் தடுப்பாக ஏழாம் வகுப்புக்குப் போடுகிற ஊசி அது. பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதத் துண்டுகளை முந்தின கிழமையே கொடுத்திருந்தோம்; வைத்தியர் வந்து எங்களைப் பார்த்துவிட்டும் போயிருந்தார். அன்று வந்தவர் நேர்ஸ் சாந்தமலர். எல்லாருக்கும் "சாந்தா மிஸ்". பெருநிலத்தில், வெள்ளாங்குளத்தில் வயல் செய்கிற சைவக் குடும்பத்துப் பெண், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, உப்புக்குளத்தில் ஒரு முஸ்லிம் வீட்டில் அறையெடுத்து இருந்தார். அவரையும் மருந்து வைத்த ஐஸ் பெட்டியையும் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கூட வந்த உத்தியோகத்தர் அடுத்த பாடசாலைக்குப் போய்விட்டார். சாந்தா மிஸ் எங்கள் வகுப்பில் ஒரு மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அவர் கவனமானவர் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இருக்கவில்லை, இன்றும் இல்லை. கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்: காய்ச்சல் இருக்கா, முன்பு ஊசி போட்டு உடம்பில் தடித்ததா, வலிப்பு வந்ததா. கடைசியாக, பெண்பிள்ளைகள் இருந்த பக்கம் திரும்பி, "வெள்ளிக்கிழமை. ஆரும் விரதமோ பிள்ளையள்?" என்று கேட்டார்.

கேட்க வேண்டிய கேள்வி. கேட்க வேண்டிய நேரம். சொல் மட்டும் எங்களுடையது அல்ல. எங்களுக்கு விரதம் என்பது பெருநிலத்தில் சைவ வீடுகளில் பிடிப்பது; தலை முழுகி, கோயிலுக்குப் போய், மரக்கறியோடு வாழையிலையில் முடிப்பது. நாங்கள் பிடித்தது ஒருசந்தி. றொசாந்தி என்னைப் பார்த்தாள், நான் றொசாந்தியைப் பார்த்தேன். பொய் சொல்ல வேண்டி வருமோ என்று காலையிலிருந்து பயந்துகொண்டிருந்த எங்களுக்கு அந்தக் கேள்வி வானத்திலிருந்து விழுந்த சலுகைபோல இருந்தது. ஏழு பேரும் ஒரே குரலில், முழு மனச்சாட்சியோடு, "இல்லை மிஸ்" என்றோம். அவர் கொப்பியில் ஒரு கோடு போட்டார்.

பெண்பிள்ளைகளுக்கு முதலில் போடப்பட்டது. எனக்கு முதலாவதாக; பயந்தவர்களை முதலில் முடித்துவிடுவது நல்லது என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். நான் எழுந்து, பஞ்சோடு நான்கு அடி நடந்து, கொட்டாவி விட்டது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு வாங்கின் அடிப்பக்கம்.

நான் மட்டும் விழுந்திருந்தால் அது செய்தியே இல்லை. "ஜெசிந்தா விழுந்திட்டாள்" என்று சொல்லிவிட்டு வகுப்பு தன் பாட்டைப் பார்த்திருக்கும். ஆனால் எனக்கு அடுத்த இரண்டு பேருக்கும் போட்டுவிட்டு சாந்தா மிஸ் என்னைத் தூக்க வந்தபோது இரண்டாமவள் விழுந்தாள். அவளைப் பிடிக்க எழுந்த மூன்றாவது பிள்ளை, அப்போது பஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தவள், மேசையில் சாய்ந்து துணியோடு இறங்கினாள். ஊசி போடாத நான்கு பேரில் இரண்டு பேர் இதைப் பார்த்தே விழுந்தார்கள். ஒருத்தி வாசலுக்கு ஓடி அங்கே விழுந்தாள். றொசாந்தி கடைசிவரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "எனக்கு ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டே வழுக்கித் தரையில் இருந்தாள். ஏழு பேர். பதினாறு பெடியன்களில் ஒருவன்கூட அசையவில்லை; அவர்கள் இடைவேளைக்கு முன்பே பாதிப் பெட்டியைக் காலி செய்திருந்தார்கள். ஊசியே போடாதவர்களும் விழுந்திருக்கிறார்கள் என்பதை அந்த அமளியில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

எங்கள் பாடசாலை வாசலிலிருந்து கருவாடு காயப்போடும் இடம்வரை நடந்து போகலாம். அந்தச் சிறிய தூரத்துக்குள் செய்தி மூன்று உருவம் எடுத்தது. வாசலில் அது "ஏழு பிள்ளையள் மயங்கிட்டினம்". சைக்கிள் கடையடியில் "ஏழு பிள்ளையள் கடுமையாம்". கருவாட்டுப் பாய்களுக்குப் போய்ச் சேர்ந்தபோது, "பெம்பிளைப் பிள்ளையளுக்கு மட்டும் வேற ஊசியாம், பிள்ளைப்பேறு இல்லாமப் போற ஊசியாம்". பிற்காலத்தில் பத்திரிகை வேலையில் செய்திகளோடு பழகியபோது நான் அடிக்கடி நினைத்துக்கொண்டதுண்டு: இதில் யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் சொன்னவர் விட்ட இடைவெளியைத்தான் நிரப்பினார்கள்.

எங்களை அதிபரின் அறைக்குக் கொண்டுபோய் இரண்டு வாங்குகளில் இருத்தியிருந்தார்கள். ஜன்னல்கள் எல்லாவற்றிலும் முகங்கள். அம்மா கையில் மீன் செதிலோடு வந்திருந்தார். அப்பா வலையைப் பாதியில் விட்டுவிட்டுச் சாரத்தை மடித்துக் கட்டியபடி வந்து, கதவடியில் நின்றார். எல்லாருக்கும் முன்னால் நின்று பேசியவர் றொசாந்தியின் அம்மா. எங்கள் ஊரில் எந்த விடயத்திலும் முதலில் கேள்வி கேட்கிறவர் அவர்தான். மருந்தில் பிழை என்று சாந்தா மிஸ் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும், அதுவரை அந்த ஐஸ் பெட்டி இந்த அறையை விட்டுப் போகக்கூடாது என்பது அவருடைய கோரிக்கை. ஒருவர் பெட்டியின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றார். அதிபர் நல்ல மனிதர். சத்தம் கூடினால் எதையாவது எழுதிக் கொடுத்து அமைதியாக்கப் பார்க்கிறவர். ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் சாந்தா மிஸ்ஸின் முன்னால் வைத்து, "இப்போதைக்கு ஒரு வரி எழுதித் தாங்கோ பிள்ளை, பிறகு பாப்பம்" என்றார்.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று எனக்கே விளங்கியது. எழுதினால் அவருடைய வேலை போகும். அதோடு எங்கள் ஊரில் இனி எந்தத் தாயும் ஒரு துண்டில் கையெழுத்து வைக்கமாட்டார். சாந்தா மிஸ் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மருந்தில பிழை இல்லை" என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை அவருக்கே அது நிச்சயமில்லாததுபோலக் கேட்டது. பிறகு பேனையை எடுத்தார்.

அப்போது அப்பா கதவடியிலிருந்து பேசினார்.

"என்ர மேள் விழுந்தது மருந்தால இல்லை. அது என்னில இருந்து வந்தது. நானும் ஊசியைக் கண்டா விழுவன்."

ஜன்னலில் நின்ற கரை மனிதர்கள் அப்பாவை, திருக்கை முள்ளைத் தானே இழுத்துப் போட்டவரை, புதிதாகப் பார்த்தார்கள். அவர் இரண்டு வருடமாகப் பல் வலியோடு காப்பாற்றி வைத்திருந்த இரகசியம் அது. றொசாந்தியின் அம்மா ஒரு விநாடிதான் யோசித்தார்.

"சரி அண்ணை. அப்ப மற்ற ஆறும் உங்கட வழியோ?"

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. பிறகு ஜன்னல்கள் எல்லாம் சிரித்தன. பெட்டியில் கால் வைத்தவர் சமநிலை தவறி இறங்கிவிட்டார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் வீட்டுக்குப் போய்த்தான் சிரித்தார், இரண்டு நாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் தன்னிடமிருந்த பெரிய பொருளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தும் அது போதாமல் போனது எனக்குத் தாங்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் சாந்தா மிஸ் மறுபடி தாளின் பக்கம் திரும்பினார். றொசாந்தி என் முழங்கையை அழுத்திப் பிடித்தாள். அவளுக்கு நான் செய்யப் போவது தெரிந்துவிட்டது.

"மிஸ், நாங்கள் சாப்பிடேல்ல" என்றேன்.

"ஆர்?"

"ஏழு பேரும். நேற்று இரவுக்குப் பிறகு ஒண்டுமில்லை. மூண்டு மணிவரைக்கும் ஒருசந்தி."

சாந்தா மிஸ் பேனையைக் கீழே வைத்தார். "அதென்ன சந்தி?"

"தவக்காலத்தில பிடிக்கிறது மிஸ். விரதம் மாதிரி."

"நான் விரதமோ எண்டு கேட்டனான்தானே?"

"விரதம் இல்லை மிஸ். விரதம் மாதிரி."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கொப்பியைத் திறந்து, தான் போட்ட கோட்டைப் பார்த்தார். அதற்குப் பிறகு என்னை மறுபடி பார்த்தபோது அவருக்கு வந்தது அழுகையா சிரிப்பா என்று நான் கவனமாகப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதிபருக்கு இப்போது உயிர் வந்தது. எங்கள் ஏழு பைகளையும் எடுப்பித்து, ஏழு பெட்டிகளையும் தன் மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகத் திறந்தார். புட்டு, இடியப்பம், சோறு, மறுபடி புட்டு. எல்லாம் காலையில் கட்டியபடியே, கரண்டி படாமல். பாரைக் குழம்பின் மணம் அறையை நிறைத்தது. றொசாந்தியின் அம்மா தன் மகளின் பெட்டியை அடையாளம் கண்டு, அதற்குள் நெடுநேரம் பார்த்தார். "விடிய எழும்பி அவிச்ச புட்டடி" என்றார், மிகவும் மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். பிறகு மேசையில் கிடந்த வெள்ளைத் தாளை எடுத்து, நான்காக மடித்து, அதனாலேயே றொசாந்திக்கு விசிறத் தொடங்கினார். கடிதத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

"ஏழு பேரும் என்ர முகத்துக்கு முன்னால இப்ப சாப்பிட வேணும்" என்றார் சாந்தா மிஸ். மூன்று மணியாக இன்னும் நான்கு மணித்தியாலம் இருந்தது. நாற்பது ஐம்பது பேர் ஜன்னலில் நின்று பார்க்க, நாங்கள் அதிபரின் மேசையைச் சுற்றி நின்று சாப்பிட்டோம். றொசாந்தி அழுதுகொண்டே சாப்பிட்டாள். ஆனால் பெட்டியைக் காலி செய்தாள். வெளியில் அன்ரன், "மூண்டு மணிக்கு முதல் ஏழும் அவுட்" என்று அறிவித்தது கேட்டது.

சற்று நேரத்தில் மேசைக்கு மறுபடி வெள்ளைத் துணி விரிக்கப்பட்டது. மிச்சமிருந்த பெண்பிள்ளைகளுக்கும் பெடியன்களுக்கும் ஊசி போடலாமா என்று அதிபர் தயங்கித் தயங்கிக் கேட்க, "போடுங்கோ, நான் பக்கத்தில நிக்கிறன்" என்றார் றொசாந்தியின் அம்மா. ஒவ்வொரு பிள்ளையிடமும் சாந்தா மிஸ் கேட்பதற்கு முன்னால் அவரே, "என்ன சாப்பிட்டனி? எப்ப சாப்பிட்டனி? வாயைத் திற" என்று விசாரித்துத்தான் மேசைக்கு அனுப்பினார். அன்ரன் விழவில்லை. அவன் விழுந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு பணிஸ் சாப்பிட்டவன், கல்லுப்போல இருந்து போட்டுக்கொண்டு போனான்.

றொசாந்தி என்னோடு மூன்று கிழமை பேசவில்லை. உயிர்த்த ஞாயிறன்று பூசை முடிந்து வரும்போது, "சத்தியத்தை உடைச்சது நீதான், ஆனா முதல்ல விழுந்ததும் நீதான், அதால உனக்குப் பாவம் பாதி" என்று ஒரு கணக்குச் சொல்லி என்னை மன்னித்தாள். அப்பாவுக்குக் கரையில் "ஊசியண்ணை" என்று பெயர் வந்து, ஒரு மாரி முழுவதும் நின்றது. ஆனால் அதே மாரியில், படகு இழுக்கிற மூன்று பேர் தனித்தனியே வந்து, தாங்களும் விழுகிறவர்கள்தான் என்று அவருடைய காதில் சொல்லிவிட்டுப் போனார்களாம். அந்தத் தைரியத்தில் அப்பா ரவுணுக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். விழுந்தார்தான், ஆனால் பிடுங்கிய பிறகு.

சாந்தா மிஸ் அடுத்த தவணை எட்டாம் வகுப்பைப் பார்க்க வந்தபோது, கொப்பியைத் திறந்து, மூச்சு விடாமல், "விரதமோ, ஒருசந்தியோ, நோன்போ?" என்று கேட்டார். நோன்பை உப்புக்குளத்து வீட்டில் கற்றிருந்தார், ஒருசந்தியை எங்களிடம். எங்கள் தீவில் பசியோடு இருப்பதற்கு எத்தனை பெயர் உண்டோ அத்தனையையும் அவர் சேர்த்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் கையால் ஊசி போட்டு வேறு யாரும் விழுந்ததாக நான் கேள்விப்படவில்லை, என்னைத் தவிர.

இப்போது அந்தக் கேள்வி இல்லை. அச்சடித்த படிவத்தில், உணவு உட்கொண்டாரா என்று ஒரு வரியும் பக்கத்தில் இரண்டு பெட்டிகளும் இருக்கின்றன. மலேரியாக்காரரும் வருவதில்லை. எங்கள் வகுப்பறை இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது. றொசாந்தி பிரான்சில் இருக்கிறாள். கோவில் அறிவித்தலில் ஒருசந்தி என்ற சொல்லை நான் கண்டு நாளாகிறது. பிள்ளைகளுக்கு அதைச் சொன்னால் எந்தச் சந்தி, பஸ் நிற்கிற சந்தியா என்று கேட்கிறார்கள். தவக்காலத்தில் அவர்கள் கைப்பேசியைத் தொடாமல் ஒறுக்கிறார்கள். அது எங்கள் ஒறுத்தலைவிடக் கடினமானது என்றே நான் நினைக்கிறேன்.

போன தவக்காலத்தில், நெல் அறுவடை பற்றி எழுதுவதற்காக வெள்ளாங்குளம் பக்கம் போனேன். சாந்தா மிஸ் இடமாற்றம் கிடைத்து ஊரோடு வந்து, கல்யாணம் முடித்து, அங்கேதான் இருக்கிறார் என்று தெரிந்து வீடு தேடிப் போனபோது மத்தியானம் ஆகியிருந்தது. என்னை அடையாளம் கண்டதும் அவர் முதலில் செய்தது ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னது. சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும் வைத்தார். தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு எதிரே இருந்தார். வெள்ளிக்கிழமை என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

"மிஸ், நீங்கள் விரதமில்லையோ?"

"மூத்தவன் பிறந்த பிறகு விட்டிட்டன்" என்றார். பிறகு சோற்றைப் பிசைந்தபடி, "அண்டைக்குத்தான் விரதம்" என்றார்.

"எண்டைக்கு?"

"நீங்கள் ஏழு பேரும் விழுந்த அண்டைக்கு. அதிபரின்ர அறையில எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. நானும் விழுந்தா மருந்தில பிழை எண்டு சனம் முடிவே கட்டியிடும். கால் பெருவிரலை நிலத்தில ஊண்டிக்கொண்டு இருந்தனான். உங்கட புட்டு மணக்க மணக்க."

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். பதினொரு மணிக்கு நாங்கள் மேசையைச் சுற்றி நின்று சாப்பிட்டது, அதற்குப் பிறகு அவர் நின்று பதினெட்டு இருபது பிள்ளைகளுக்கு ஊசி போட்டது எல்லாம் வரிசையாக வந்தன.

"ஒரு வாய் தாங்கோ எண்டு கேட்டிருக்கலாமே மிஸ். ஏன் சொல்லேல்ல?"

"என்னை ஆர் கேட்டது?" என்றார் சாந்தா மிஸ், பருப்பை என் பக்கம் தள்ளிவிட்டு.